ஜெண்டெரே பாலத்தைப் பார்க்கும் முறை

துருக்கியில் கியாத்தாவிலிருந்து நெம்ருத் மலைக்குப் போகும் சுற்றுலா வண்டிகள் வழியில் பழைய ரோமானியக் கல்பாலமான ஜெண்டெரே பாலத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். ஆளுக்கொரு போட்டோ எடுத்ததும் கிளம்பச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அங்கே ஒரு மணி நேரம் வேண்டும் என்று முன்பே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள்.

ரயில்வேயில் பாலங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் நான். என் பழக்கம், முதலில் கீழே இறங்குவது. பனி உருகும் காலத்தில் வெள்ளம் இழுக்கும், அப்போது ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். கோடைக் கடைசியில் தண்ணீர் குறைந்திருக்கும். கூழாங்கல் படுகையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே ஆர்ச், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு 34.2 மீட்டர், நடுவில் தூணே கிடையாது. முதலில் அதன் இரண்டு காலும் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று பாருங்கள். மலையிடுக்கிலிருந்து ஆறு வெளியே வருகிற ஒடுக்கமான இடம் அது. இரு பக்கமும் பாறை. ஆர்ச் தன் பாரத்தைக் கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளப் பாறையைவிட நல்ல துணை ஏது? இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன்.

அப்புறம் ஆப்பு வடிவக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்; 92 என்பது கணக்கு. மரத்தில் சென்டரிங் போட்டு இரு பக்கத்திலிருந்தும் அடுக்கிவந்து, உச்சிக்கல்லை வைத்த பிறகுதான் சாரத்தைப் பிரிக்க முடியும். கி.பி. 200-ஐ ஒட்டி இதைக் கட்டியவர்கள் ரோமானியப் படையின் 16-ஆம் லீஜியன் என்ற படைப்பிரிவின் வீரர்கள்.

சரி, இப்போது மேலே ஏறுங்கள். கியாத்தா பக்கம் மரியாதைக்காக நட்ட இரண்டு தூண்கள்: பேரரசர் செப்டிமியஸ் செவரஸுக்கு ஒன்று, மனைவி ஜூலியா டோம்னாவுக்கு ஒன்று. எதிர்க்கரையில் ஒன்றுதான், மூத்த மகன் கரகல்லாவுடையது. அதற்கு ஜோடியாக இளையவன் கெட்டாவின் தூண் இருந்தது. 211-இல் அண்ணன் தம்பியைக் கொன்றான். பேரரசு முழுக்கத் தம்பியின் பெயரை அழித்தார்கள், இங்கே தூணையே எடுத்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்தின் முன்னால் கட்டாயம் நில்லுங்கள். எனக்கு மற்ற மூன்று தூண்களைவிட அதுதான் மனதில் நிற்கிறது.

1997-இல் பாலத்தைச் செப்பனிட்டார்கள். பிறகும் 5 டன் வரை வண்டிகளை விட்டுவந்தார்கள். இப்போது அவற்றுக்குத் தனிப் பாலம் இருப்பதால், நீங்கள் நிம்மதியாக நடுவில் நின்று பார்க்கலாம்.