வாஷ் பேசின் அடைப்பான்: எளிமையாக்கப் போய்ச் சிக்கலாக்கும் தவறுகள்

எங்கள் வீட்டு வாஷ் பேசினில் தண்ணீர் இறங்காமல் நின்றபோது, அடியில் குனிந்து பார்த்த பிளம்பர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "இந்த மூடியை என்னைக்காவது மூடியிருக்கீங்களா சார்?" யோசித்தேன். ஐந்து வருடத்தில் இரண்டு முறை. அதில் ஒன்று கை தவறி.

அந்த இரண்டு முறைக்காக அங்கே இருந்தவை: குழாய்க்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுப்புக் கம்பி, அதன் கீழே வரிசையாகத் துளை போட்ட ஒரு பட்டை, பட்டையைப் பிடிக்கும் கிளிப், குறுக்கே போகும் தண்டு, தண்டில் கோலிக்குண்டு மாதிரி ஓர் உருண்டை, அதை இறுக்கும் நட், உள்ளே வாஷர், மேலே மூடி. மொத்தம் எட்டு உருப்படி. குறுக்குத் தண்டைச் சுற்றி ஒரு முழத்துக்கு முடியும் பற்பசைச் சேறும். அதை வெளியே எடுத்த நாளிலிருந்து, இதைவிட எளிய அடைப்பான் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. வரைந்தேன், கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்தேன், தூக்கிப் போட்டேன், திரும்பச் செய்தேன். அந்தப் பாதையில் நான் செய்த தவறுகளும், கடையில் விற்கும் சாமான்களில் பார்த்த தவறுகளும் கீழே.

எதற்கு மூடுகிறோம் என்று கேட்காமல் தொடங்குவது

முதல் தவறு காகிதத்தில் பென்சில் படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிரிட்டனில் பழைய வீடுகளில் சுடுநீருக்கு ஒரு குழாய், குளிர்நீருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டும் கலந்த வெதுவெதுப்பு வேண்டுமென்றால் பேசினை அடைத்துத் தண்ணீர் பிடித்தாக வேண்டும். அங்கே அடைப்பான் இல்லாத பேசின் பாதி பேசின்தான். நமக்கோ ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் கை சுத்தமானதாகத் தோன்றும். தேங்கிய தண்ணீரில் முகம் கழுவச் சொன்னால் பாட்டி நம்மை விநோதமாகப் பார்ப்பார்.

அப்படியானால் நம் வீடுகளில் அடைப்பான் எதற்கு? சவரம் செய்யும்போது கொஞ்சம் தண்ணீர் நிற்க. கைக்குட்டையோ பனியனோ ஊறப்போட. மூக்குத்தித் திருகாணி உள்ளே விழாமல் இருக்க. இரவில் கரப்பான் ஏறி வராமல் இருக்க. இதில் கடைசி இரண்டுக்கும் வேண்டியது அடைப்பானே இல்லை, சல்லடை போன்ற நல்ல ஜாலித் தட்டு ஒன்று போதும். நாற்றம் வருகிறது என்பதற்காக மூடி தேடுகிறவர்களும் உண்டு. நாற்றத்தைத் தடுப்பது பேசினுக்குக் கீழே வடிகுழாயில் இருக்கும் பாட்டில் ட்ராப் என்ற கிண்ணத்தில் எப்போதும் நிற்கும் தண்ணீர். ட்ராப் காய்ந்து கிடந்தால் மேலே மூடி போடுவது நோயை விட்டுவிட்டு மூக்கைப் பொத்துவது போல. ஆக, யார், எத்தனை முறை, எதற்காக மூடப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது எட்டு உருப்படியில் ஆறு தானாகவே உதிர்ந்துவிட்டது.

தண்ணீர் செய்யும் வேலையை நாம் செய்யப் பார்ப்பது

என் முதல் வடிவத்தில் மூடியை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் வைத்திருக்க மாட்டேன். 4 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறக்குறைய 12.6 சதுர செ.மீ. அதன்மேல் 12 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், மூடியைக் கீழே அழுத்தும் எடை சுமார் 150 கிராம். மூடிக்கு அடியில் காலிக் குழாய்தான், அங்கிருந்து மேலே தள்ள எதுவும் கிடையாது. தண்ணீர் ஏற ஏறப் பிடியும் தானாக இறுகும். அடைப்பதற்கு ஸ்பிரிங்கும் வேண்டாம், திருகும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். ஒழுங்காக உட்காரும் ஒரு ரப்பர் விளிம்பு போதும்.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். பேசினுக்குச் சரியாக வந்த அமைப்பை அப்படியே பெரிதாக்கிச் சமையலறை சிங்க்கில் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சிங்க்கின் வாய் சுமார் 9 செ.மீ. விட்டம், தண்ணீர் 20 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால், மூடிமேல் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய 1.27 கிலோ. பேசினில் 150 கிராமைத் தூக்கி மூடியைத் திறக்கும் ஸ்பிரிங் (தட்டினால் திறக்கும் மூடிகளில் இருப்பது) இங்கே மூச்சுவிடாது. சிங்க்குக்கான கூடை வடிகட்டிகளில் கையால் பிடித்து இழுக்கக் குமிழ் வைத்திருப்பது காரணத்தோடுதான்.

அழுக்கு போகும் பாதையில் தண்டை நீட்டுவது

மற்றவற்றை மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியாது. பேசினின் வாயை வடிகுழாயோடு இணைக்கும் வேஸ்ட் கப்ளிங்கின் உள்வழி சுமார் 32 மி.மீ. அதன் நடுவே ஒரு தண்டைக் குறுக்காக நீட்டினால் அது முடி பிடிக்கும் தூண்டில். முதலில் ஒரு முடி மாட்டும், அதில் சோப்பு ஒட்டும், சோப்பில் அடுத்த முடி. போர் தண்ணீர் உள்ள ஊர் என்றால் அதன்மேல் உப்புப் பொருக்கும் சேர்ந்து சிமெண்ட் போட்டது போலாகிவிடும்.

தண்டு உள்ளே போக வேண்டுமென்றால் குழாயின் பக்கவாட்டில் ஒரு துளையும் போட்டாக வேண்டும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியாமல் காப்பது உருண்டையும் அதன் வாஷரும் மட்டுமே. கசிகிறதே என்று நட்டை இறுக்கினால் தண்டு அசையாது. அசையட்டும் என்று தளர்த்தினால் கசியும். நட்டின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயனில்லை, ஏனென்றால் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, உருண்டை உட்காரும் இடம். இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. இழுப்புக் கம்பியின் எடையும் நட்டின் இறுக்கமும் சேர்ந்துதான் திறந்த மூடியை மேலேயே தாங்கி நிற்கின்றன. விலையைக் குறைக்கப் பித்தளைக் கம்பியை இலேசான பிளாஸ்டிக்காக மாற்றினால், நட்டையும் கொஞ்சம் தளர்த்திவிட்டால், மூடி மேலே நிற்காமல் இறங்கிவிடும்.

இழுத்தால் மூடும், அமுக்கினால் திறக்கும் என்ற அந்தக் கம்பியின் தலைகீழ் நடத்தையை விருந்தாளிகளுக்கு விளக்கிச் சலித்துவிட்டது. அதற்காகவே அதைக் கழற்றியெறியலாம்.

ஆனால் அந்தக் கம்பிக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறப்பதும் தவறுதான். அழுக்குத் தண்ணீருக்குள் கை விடாமல் திறக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. கம்பியைத் தூக்கியெறிகிறவர், அந்த வசதியை வேறு எப்படித் தரப்போகிறேன் என்று பதில் வைத்திருக்க வேண்டும். பழைய ரப்பர் பிளக்கும் மணிச்சங்கிலியும் இதற்கு நூறு ரூபாய்க்குள் பதில் சொல்கின்றன. சங்கிலியில் வழவழப்புச் சேரும், பார்க்க அழகில்லை, உண்மைதான். ஆனால் சங்கிலி முடி பிடித்தால் கையோடு மேலே வந்துவிடும். தண்டு பிடித்தால் ஆளைக் கூப்பிட வேண்டும்.

தட்டினால் மூடுவது, தட்டினால் திறப்பது

இப்போது எங்கும் இதுதான். மூடியின் உள்ளே இருப்பது பால்பாயிண்ட் பேனாவில் உள்ள அதே சங்கதி: ஒரு ஸ்பிரிங், ஒரு முறை அமுக்கினால் பூட்டும், மறுமுறை அமுக்கினால் விடுபடும் பற்கள். வெளியே தண்டும் இல்லை, துளையும் இல்லை. பார்க்க மிக எளிமை. ஆனால் சிக்கல் ஒழிந்துபோகவில்லை, ஒரு விரல் தடிமனுள்ள குப்பிக்குள் ஒளிந்துகொண்டது. பற்களுக்கு இடையே உப்பு படிந்தால் சிக்கிக்கொள்ளும். எப்போது சிக்கும்? பெரும்பாலும் மூடிய நிலையில், பேசின் நிறையச் சோப்புத் தண்ணீரோடு. மூடி விளிம்போடு விளிம்பாக வழவழவென்று உட்கார்ந்திருக்கும், நகம் நுழையக்கூட இடமிருக்காது. உறிஞ்சு பம்பு வைத்துத்தான் இழுத்தேன் என்றார் ஒரு நண்பர்.

இந்த வகையைத்தான் செய்வேன் என்று முடிவெடுத்தால் இரண்டு விஷயம் கட்டாயம். மூடியின் ஓரத்தில் விரல் நகம் பிடிக்க ஒரு பள்ளம். ஸ்பானர் இல்லாமல் கையால் திருகி முழுக் குப்பியும் மேல்வழியாகவே வெளியே வருவது.

எவ்வளவு உயர வேண்டும் என்பதை அளக்காதது

மூடி திறந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் சோம்பி இறங்குகிறது. அடைப்பு என்று நினைத்து ட்ராப்பைக் கழற்றுவோம், அங்கே ஒன்றுமிருக்காது. குற்றவாளி மூடியின் உயரம். மூடியின் ஓரமாகத் தண்ணீர் நுழையும் வளையத்தின் பரப்பு, குழாய் வாயின் பரப்புக்காவது சமமாக இருக்க வேண்டும். வட்டத்தின் சுற்றளவை உயரத்தால் பெருக்கி வட்டப் பரப்போடு சமன் செய்து பார்த்தால், உயரம் விட்டத்தில் கால் பங்கு என்று வரும். 32 மி.மீ. வாய்க்கு 8 மி.மீ. கீழ்வரம்பு. முடி, சோப்புத்துண்டு, தாளித்துக் கொட்டிய கடுகு எல்லாம் போக வேண்டுமென்றால் 12 மி.மீ. வைப்பேன். கடையில் பார்த்த சில மூடிகள் 5 மி.மீ. தாண்டவில்லை. தண்டு வைத்த அமைப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கிளிப்பைத் தண்டில் உருண்டைக்குப் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். இழுப்பு அதே அளவுதான், மூடி இன்னும் மேலே எழும்.

அதற்காக உயர்த்திக்கொண்டே போகவும் முடியாது. குழாய்த் தண்ணீர் நேராக மூடித் தலையில் விழுந்தால் சட்டை நனையும்.

ஒரு சொட்டும் போகக்கூடாது என்று பிடிவாதம்

பட்டறைக்காரரிடம் நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான், தோற்றதும் இதில்தான். நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 180 மி.லி. நீள்வட்ட பேசின் 40 செ.மீ.க்கு 30 செ.மீ. இருந்தால், தண்ணீர் மட்டம் ஒரு மணி நேரத்தில் 2 மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். பத்து நிமிடச் சவரத்துக்கு 30 மி.லி. இதைத் தடுக்கவா துல்லியக் கடைசலும் இரட்டை வாஷரும்?

மாறாக, துல்லியமாகச் செய்தால் பேசின் ஒத்துழைக்காது. பீங்கான் சூளையில் வேகும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிற சாமான். துளை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். தட்டையான வாஷர் தட்டையான இடத்தைக் கேட்கும். கூம்பு வடிவ ரப்பர் தன் இடத்தைத் தானே தேடி உட்காரும். ஆனால் கூம்பை மிகச் செங்குத்தாக்கிவிட்டால் ஆப்பு அறைந்தது போல இறுகி, இழுத்தால் வராது. என் இரண்டாவது மாதிரி அப்படித்தான் சங்கிலியை அறுத்துக்கொண்டது.

ரப்பரைத் தேர்ந்தெடுப்பதில் வழக்கமான தவறு, எல்லா இடத்துக்கும் ஒன்றே போதும் என்று நினைப்பது. இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் சுடுநீரையும் குளோரினையும் நன்றாகத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஆகவே பேசினுக்குச் சரி, சிங்க்குக்குச் சரியில்லை. சிங்க்குக்கு நைட்ரைல் நல்லது. சிலிக்கான் சூட்டைத் தாங்கும், விளிம்பு கிழிவது சுலபம். எதுவாக இருந்தாலும் கடையில் தனியாக வாங்கி மாற்றக்கூடிய அளவில் இருக்கட்டும். பாத்ரூம் ஆசிட் ஊற்றும் வீடுகளில் குரோம் பூச்சு உரிவது நிச்சயம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்ஃப்ளோ துளையை மறப்பது

பேசினின் மேல்விளிம்புக்கு அருகே இருக்கும் சிறு துளை அலங்காரம் இல்லை. அங்கே நுழையும் தண்ணீர் பீங்கானுக்குள்ளேயே இறங்கி, வேஸ்ட் கப்ளிங்கின் பக்கத்தில் உள்ள திறப்பு வழியாகக் குழாயில் சேர வேண்டும். அடைப்பான் இந்தத் திறப்புக்கு மேலே அடைக்க வேண்டும். கீழே அடைத்தால் குழாயைத் திறந்துவிட்டுப் போனை எடுக்கப் போகும் நாளில் ஹால் வரை தண்ணீர்தான். கடையில் ஹாஃப் த்ரெட், ஃபுல் த்ரெட் என்று கேட்பதன் பொருளும் இதுவே: ஓவர்ஃப்ளோ உள்ள பேசினுக்குப் பக்கத் திறப்புள்ள ஹாஃப் த்ரெட், இல்லாததற்குத் திறப்பில்லாத ஃபுல் த்ரெட். மாற்றி வாங்கினால் ஒன்றில் வழிவது அடைபடும், மற்றதில் மரை வழியாகக் கசியும்.

அடைப்பானை வரைகிறவர்கள் ட்ராப்பைப் பற்றி யோசிப்பதில்லை என்பதும் இதோடு சேர்த்தி. ஓடும் குழாயில் கை கழுவும்போது வடிகுழாய் நிரம்பாது. நிறைந்த பேசினைப் பட்டென்று திறந்தால் குழாய் முழுக்க நிரம்பி ஓடி, ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகக்கூடும். கடைசியில் வரும் "களக், களக்" சத்தம் அதுதான். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, 32 மி.மீ. பேசின் குழாய்க்கு ட்ராப்பில் 75 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும் என்றும், காற்றுக்குழாய் இல்லாவிட்டால் நீளம் 1.7 மீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் சொல்வது இந்த உறிஞ்சலுக்குப் பயந்துதான்.

கடைசியாக, சோதனை. சுத்தமான தண்ணீரில் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று நானும் கைதட்டியிருக்கிறேன். இப்போது சலூனில் கொஞ்சம் முடி வாங்கிவந்து, பற்பசையும் சோப்பும் குழைத்து ஊற்றி, ஒரு வாரம் காயவிட்டு, பிறகு அம்மாவைத் திறக்கச் சொல்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. திருகித் திறக்கும் மாதிரி அந்தச் சோதனையில் அன்றே தோற்றது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளி அணுகல் விதிகள், கையால் இயக்கும் பாகங்களில் இறுகப் பிடிப்பதோ மணிக்கட்டைத் திருகுவதோ தேவைப்படக்கூடாது, 22.2 நியூட்டனுக்கு மேல் விசை கேட்கக்கூடாது என்கின்றன. அதாவது சுமார் இரண்டேகால் கிலோ.

இப்போது பேசினில் இருப்பது மூன்று உருப்படி: கூம்பு ரப்பர், அதற்குள் ஒரு பித்தளைக் குண்டு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தலைநீட்டும் ஒரு தண்டும் குமிழும். குமிழைப் பிடித்துத் தூக்கினால் கை நனையாது. முடி பிடிக்க உள்ளே எதுவும் இல்லை, அடியில் ஒரு ஜாலி மட்டும். தீராத ஒரே பிரச்சினை, தூக்கிய பிறகு அதை எங்கே வைப்பது என்பது. குழாய்க்குப் பின்னால் பழைய இழுப்புக் கம்பி இருந்த துளை காலியாகத்தான் இருக்கிறது. தற்போதைக்கு அதற்குமேல் ஒரு சோப்பு டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, அதில் உட்கார வைத்திருக்கிறேன்.