நகச்சொத்தை ஏன் திரும்பி வருகிறது? ஷூவிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடப் போகும்போது போடுகிற ஷூவின் இன்சோலை ஒருநாள் வெளியே எடுத்து, கறுப்புத் துணி ஒன்றின்மேல் தட்டினேன். சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. கொஞ்சம் மண், கொஞ்சம் சாக்ஸ் நூல், மீதி என் காலிலிருந்தே உரிந்த தோல். அதற்கு முன்பு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் பொறுமையாக வளரவிட்டு, கட்டைவிரல் நகம் ஒருவழியாகப் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. அப்புறம் ஓரத்தில் மறுபடியும் ஒரு மஞ்சள் கோடு. மருந்து சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மாத்திரை சாப்பிட்ட மூன்று மாதமும், அதற்குப் பிறகும், அதே ஷூவைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது பொடியைப் பார்த்த பிறகே உறைத்தது.

பூஞ்சையால் வரும் நகச்சொத்தையில் பெரும்பாலும் அகப்படுவது ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற வகை. இதற்குச் சாப்பாடு கெரட்டின், அதாவது நகத்திலும் தோலிலும் முடியிலும் இருக்கும் புரதம். தோல் துகள் காலைவிட்டு உதிரும்போது பூஞ்சையும் கூடவே போகிறது. ஈரம் குறைந்தால் உடனே செத்துவிடுவதில்லை. இழையாக இருந்தது துண்டு துண்டாகப் பிரிந்து, தடித்த சுவர் கொண்ட வித்துகளாகி, அந்தத் துகளுக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். ஆறு மாதம் அலமாரியில் சும்மா கிடந்த ஷூதானே என்று காலை நுழைத்தால், சூடும் வியர்வையும் அதற்கு மறுபடி கிடைத்துவிடுகிறது.

ஆகவே ஷூவில் செய்யவேண்டிய வேலை மூன்று. முதலில் துகளை அகற்றுவது, பிறகு மிச்சத்தைக் கொல்வது, அப்புறம் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது. நாம் செய்யும் தவறுகளில் பாதி, முதல் வேலையைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போவதால் வருபவை.

நகம் தேறட்டும், ஷூவை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது

கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர 12 முதல் 18 மாதம் ஆகும். இதற்குத் தரும் பூஞ்சைக்கொல்லி மருந்தான டெர்பினாஃபின் மாத்திரையோ வழக்கமாக நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம். மாத்திரையை நிறுத்திய பிறகும் மருந்து நகத்தில் சில மாதம் தங்கி வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காவலும் ஒருநாள் போய்விடும். அப்போது ஷூவுக்குள் பழைய துகள் அப்படியே இருந்தால், கதை முதலிலிருந்து தொடங்குகிறது.

எனவே சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே ஷூ, செருப்பு, சாக்ஸ் எல்லாவற்றையும் ஒருமுறை கவனியுங்கள். மாத்திரை முடியும்போது இன்னொரு முறை. இடையில் நகத்திலிருந்தும் தோலிலிருந்தும் உயிருள்ள பூஞ்சை உதிர்ந்துகொண்டேதான் இருக்கும் என்பதால் ஒரேயொரு பெரிய சுத்திகரிப்போடு முடித்துவிட முடியாது.

நகத்தையே பார்த்துக்கொண்டு பாதத்தை மறப்பது

இது ஷூ சம்பந்தப்பட்ட தவறு இல்லைதான். ஆனாலும் இதை விட்டுவிட்டு ஷூவைச் சுத்தம் செய்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. நகச்சொத்தை உள்ள பலருக்குப் பாதத் தோலிலும் அதே பூஞ்சை இருக்கும். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வெளுத்து, ஊறி, அரிக்கிற சேற்றுப்புண்ணை எல்லோரும் கண்டுகொள்வார்கள். ஏமாற்றுவது இன்னொரு வகை. உள்ளங்காலும் பாதத்தின் ஓரமும் வறண்டு, ரேகைகளில் மாவு பூசியதுபோல் வெள்ளையாகத் தெரியும். அரிப்பே இருக்காது. வறட்சி என்று நினைத்துத் தினமும் மாய்ஸ்சரைசர் தடவிக்கொண்டிருப்போம். ஷூவுக்குள் கொட்டுகிற பொடியின் ஊற்று அதுதான்.

அதனால் பூஞ்சைக் களிம்பை இரண்டு பாதங்களிலும், உள்ளங்கால், ஓரம், விரலிடுக்கு எல்லா இடத்திலும் தடவவேண்டும். அரிப்பு நின்ற அன்றே நிறுத்துவது தப்பு. மருத்துவர் சொன்ன நாள்கணக்கு முடியட்டும். வீட்டில் வேறு யாருக்காவது நகம் மஞ்சளாக இருந்தால் அவரையும் காட்டுங்கள். ஒருவர் மட்டும் குணமாகி, அதே குளியலறையில் இன்னொருவர் உதிர்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை. இன்னொன்று, உடை மாற்றும்போது உள்ளாடைக்கு முன் சாக்ஸைப் போட்டுவிடுங்கள். பாதத்தில் உரசிய உள்ளாடை மேலே ஏறும்போது பூஞ்சையும் இடுக்குக்கு ஏறிவிடுகிறது. தொடையிடுக்கில் படர்தாமரை வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஷூவுக்குச் செய்யும் வீண்வேலைகள்

வாசனை ஸ்ப்ரே முதல் வரிசையில் வரும். ஷூ நாற்றம் பெரும்பாலும் பாக்டீரியாவின் கைங்கரியம். நாற்றம் போனதை வைத்துப் பூஞ்சை போய்விட்டது என்று கணக்குப் போட முடியாது. நாற்றமே இல்லாத ஷூவிலும் பூஞ்சை இருக்கலாம்.

ஷூவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கும் யோசனை இணையத்தில் உலவுகிறது. ஆய்வுக்கூடங்களில் பூஞ்சையைப் பல வருடம் உயிரோடு சேமித்து வைப்பதே உறையவைத்துத்தான். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஷூ வைத்த பாவம்தான் மிச்சம். வினிகரும் சமையல் சோடாவும் நாற்றத்தைக் குறைக்கும். தடித்த சுவர் கொண்ட வித்துகளைக் கொல்ல அவற்றை நம்ப வேண்டாம்.

அந்துருண்டை போட்டுக் கட்டி வைப்பதும் பழைய பழக்கம். அதிலிருந்து வரும் நாஃப்தலீன் ஆவி மனிதருக்கும் நஞ்சு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஒரு நகத்துக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா?

வெயில் நல்லதுதான். உலர்த்தும், பூஞ்சையின் அளவையும் குறைக்கும். ஆனால் பெருவிரல் போய் முட்டும் அந்த முனைக்கு வெயில் எட்டுவதே இல்லை. ஷூவுக்குள் வைக்கும் புறஊதா விளக்குக்கும் இதே குறைதான். ஒளி நேராகப் படும் இடத்தில் பூஞ்சையைக் குறைக்கிறது. மடிப்பு, தையல், இன்சோலின் அடிப்பக்கம் எல்லாம் நிழல். துகளைத் துலக்கி எடுத்த பிறகு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பி இருக்க முடியாது.

சரி, எது பலன் தரும்? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஷூக் கயிற்றை முழுதாக அவிழ்த்து, ஷூவின் நாக்கை வெளியே இழுத்துவிடுவேன். இன்சோலை எடுத்துவிடுவேன். வீட்டுக்கு வெளியே வைத்து, பழைய பல்துலக்கியால் முனைப்பகுதியையும் ஓரத் தையலையும் தேய்த்துக் கொட்டுவேன், வேக்குவம் இருந்தால் உறிஞ்சி எடுப்பேன். பிறகு 1% டெர்பினாஃபின் ஸ்ப்ரேயை இன்சோலின் இரண்டு பக்கமும் ஷூவின் முனையிலும் நனையும்படி அடித்து, இரண்டு நாள் தொடமாட்டேன். இந்த ஸ்ப்ரேயை ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் ஒட்டிய இன்சோல்களில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஒருமுறை அடித்து 48 மணிநேரம் கழித்து எடுத்த மாதிரிகளில் பூஞ்சை வளரவில்லை. இரண்டு நாள் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. அதற்கு இரண்டு ஜோடியாவது மாற்றி மாற்றிப் போடவேண்டியிருக்கும். தினமும் ஒரே ஷூவைப் போட்டால், முந்தின நாள் வியர்வை காயாமலே அடுத்த நாள் வந்துவிடும்.

எல்லா ஷூவையும் தூக்கி எறியச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்சோலை மாற்றினாலே பெரும்பங்கு போய்விடும். ஆனால் நகம் மோசமாக இருந்த காலம் முழுக்க நாள்பூராவும் போட்ட ஷூ, உள்துணி கிழிந்து பஞ்சு தெரிகிற ஷூ, இவற்றுக்கு மனமிரங்க வேண்டாம். அதை நல்ல ஷூதானே என்று இன்னொருவருக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

வீட்டுச் செருப்பும் குளியலறையும்

வெளியே போடும் ஷூவைப் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்கிறவர்கள், குளியலறை வாசலில் கிடக்கும் செருப்பைக் கண்டுகொள்வதே இல்லை. குளித்து ஊறிய வெறும் கால் முதலில் போய் நிற்பது அதில்தான். துணி வைத்த செருப்பு என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். ரப்பர் செருப்பு பிரச்சினை இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ப்ளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து அலசிக் காயவைத்தால் போதும். குளியலறைத் தரைக்கும் இதே முறைதான்.

சோப்பு முதலில், ப்ளீச் பிறகு. அழுக்கின்மேல் ஊற்றினால் ப்ளீச் தன் வீரியத்தை அழுக்கிலேயே செலவழித்துவிடும், பூஞ்சைக்கு எதுவும் மிஞ்சாது. ஊற்றின கையோடு கழுவிவிடுவதும் அப்படித்தான் வீண். ஆசிட் வகைக் கழிப்பறைத் திரவத்தோடும் அம்மோனியா உள்ள எதனோடும் ப்ளீச்சைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தோல் ஷூவுக்குள் ப்ளீச் வேண்டாம். தோல் கெட்டுவிடும், உள்ளே தங்கியது காலையும் புண்ணாக்கும்.

படுக்கையறையில் வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் துகள் கிளம்பி வேறு இடத்தில் படியும். ஈரத் துணி அல்லது வேக்குவம் நல்லது. கால்மிதியைத் துவைக்காமல் உதறி மட்டும் போடுவதும் அதே ரகம். இந்த அளவு போதும். சுவர், கதவுக் கைப்பிடி, நாற்காலி என்று வீடு முழுக்கக் கிருமிநாசினியோடு அலைய வேண்டியதில்லை. வெறும் கால் படும் இடங்கள்தான் கணக்கு.

சாக்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுப்பது அடுத்த தவறு. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, துணி தாங்குமானால் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைக்கவேண்டும். 40 டிகிரியில் துவைத்தால் பூஞ்சை தப்பிப் பிழைக்க வாய்ப்பு உண்டு. அழுக்குக் கூடையில் மற்ற துணிகளோடு கிடக்கும்போதே ஒட்டிப் பரவும் என்பதால் சாக்ஸுக்குத் தனிப் பை வைப்பது நல்லது. காலைத் துடைக்கத் தனித் துண்டு, அதுவும் கடைசியில்.

ஒரே நகவெட்டி

சொத்தை நகத்தை வெட்டிய கையோடு அடுத்த விரலுக்குப் போவது எல்லோரும் செய்வது. நகவெட்டி இரண்டு வேண்டும், ஒன்று கெட்ட நகத்துக்கு மட்டும். நகவெட்டியின் பல்லிடுக்கில் இருக்கும் பொடியைச் சோப்பும் தூரிகையும் வைத்து எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அழுக்கோடு சானிடைசர் தெளிப்பது கண்துடைப்பு. அட்டையில் செய்த நக அரத்தைச் சுத்தம் செய்யவே முடியாது. தேய்த்ததும் குப்பையில் போடவேண்டியதுதான். தேய்க்கும்போது கீழே ஒரு தாளை விரித்துக்கொண்டால் பொடியோடு மடித்து எறிந்துவிடலாம். படுக்கைமேல் உட்கார்ந்து தேய்க்க வேண்டாம்.

பூஞ்சையே இல்லாததைப் பூஞ்சை என்று துரத்துவது

நிறம் மாறித் தடித்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. சோரியாசிஸ் என்ற தோல்நோய், இறுக்கமான ஷூ இடித்து இடித்து வரும் காயம், வயது ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரும். மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நகம் தேறவில்லை என்றால், பழைய மாத்திரைச் சீட்டை வைத்து மறுபடி வாங்கிச் சாப்பிடாதீர்கள். டெர்பினாஃபின் அபூர்வமாகக் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுப்பார்கள். நகத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கவும், பூஞ்சை வளர்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கவும் சொல்லுங்கள். சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருப்பவர்கள் வீட்டில் நகத்தை நோண்டாமல் நேராக மருத்துவரிடம் போவதே நல்லது.

நன்றாக வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள, நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் எல்லையில் அரத்தால் மேலாக ஒரு சின்னக் கீறல் போட்டுவைக்கும் வழக்கம் மருத்துவர்களிடம் உண்டு. நான் மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வைக்கிறேன். கீறல் நுனியை நோக்கி நகர்ந்து, அதற்குப் பின்னால் வரும் நகம் தெளிவாக இருந்தால் சரியாகப் போகிறது. மஞ்சள் அந்தக் கீறலைத் தாண்டி நகத்தின் வேர்ப்பக்கம் வந்துவிட்டால், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இன்சோலை வெளியே எடுங்கள்.