கேழ்வரகு முளைப் பாகு: கூழ் இனிக்க மறுத்தால் எங்கே பார்ப்பது?

அரிசிக் கூழில் முளைகட்டிய கேழ்வரகைக் கலந்து சூடு ஆறாமல் வைத்திருந்தால், சர்க்கரை ஒரு சிட்டிகையும் சேர்க்காமல் இனிப்புப் பாகு கிடைக்கும். ஆனால் சமவெளியில் எழுதப்பட்ட குறிப்பை வைத்துக்கொண்டு உதகையிலோ கோத்தகிரியிலோ செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பசைதான் மிஞ்சுகிறது. அந்தக் குறிப்புகளில் மலையின் குளிருக்கும் உயரத்துக்கும் இடமில்லை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

தேவையானவை: பச்சரிசி அல்லது சாமை அரை கிலோ, முளைகட்டிய கேழ்வரகு மாவு 150 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர், மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசல் ஒரு சிறு குப்பி, கம்பி முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர். கடைசியாகச் சொன்னது இல்லாமல் தொடங்காதீர்கள். விரலை விட்டுச் சூடு பார்ப்பது தோசைக்கல்லுக்குச் சரி, இதற்குச் சரிவராது.

முளை

அரிசியின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவது முளையில் உருவாகும் நொதிகள். சுண்டலுக்கு முளைகட்டுவதுபோல வேரின் நுனி தெரிந்தவுடன் நிறுத்தினால் நொதி போதாது. ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் பரப்பி, தளிர் நன்றாக நீளும்வரை விடுங்கள். சமவெளியில் இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை, உறைபனி விழும் மார்கழியில் உதகையில் அதைவிட வெகுநாள் இழுக்கும். அடுப்படியில் கதகதப்பான மூலையில் வையுங்கள். பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது உலர்த்தும் கட்டம். கைக்குழந்தைக் கஞ்சிக்கு முளை மாவு செய்கிறவர்கள் மணம் வரும்வரை வாணலியில் வறுப்பார்கள். அந்த வறுவலில் நொதிகள் அழிந்துவிடும். கடையில் விற்கும் ராகி மால்ட் மாவு பலவும் அப்படி வறுத்ததுதான். சத்துக் கஞ்சிக்கு அது நல்லது, பாகுக்கு உதவாது. வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ, கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்ப் பக்கம் வெயிலுக்கு எங்கே போவது? உலர்த்தவே வேண்டாம். பச்சை முளையை அப்படியே மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துச் சேருங்கள். ஈரம் இருப்பதால் எடையை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். நொதி கொஞ்சமும் வீணாகாத வழி இதுதான். வெயில் காலத்திலும் நான் இப்படித்தான் செய்கிறேன்.

கூழ்

அரிசி குழையக் குழைய வேக வேண்டும். வேகாத மாவுச்சத்தின் மணிகளுக்குள் நொதியால் எளிதில் புக முடியாது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் பிடிக்கும் என்பதால் பிரஷர் குக்கரே மேல். வெந்ததும் மசித்துவிடுங்கள்.

சூடு

"அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிடவும்" என்கிற வரியை நம்பவே வேண்டாம். சென்னையின் பத்து நிமிடமும் உதகையின் பத்து நிமிடமும் ஒன்றல்ல. கூழ் 80 டிகிரிக்கு மேல் இருக்கையில் முளையைப் போட்டால் நொதி சீக்கிரமே செயலிழந்துவிடும். அதன்பின் ஆறவைத்துப் பயனில்லை. 50க்குக் கீழே இறங்கினால் வேலை மந்தமாகும், புளிப்பும் ஏறத் தொடங்கும். நமக்கு வேண்டியது 62 முதல் 66 வரை. குளிர்ந்த முளை அரைப்பு சில டிகிரியை இழுத்துக்கொள்ளும். அதனால் கூழ் 70க்கு வந்ததும் கலந்து, நன்றாகக் கிளறி மறுபடி அளந்து பாருங்கள்.

கெட்டிக் கூழில் ஓரம் 60 காட்டும்போது நடுப்பகுதி 75ல் இருக்கும். ஒரே இடத்தில் அளந்து முடிவுக்கு வராதீர்கள். கிளறிவிட்டு மூன்று இடங்களில் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் கால் மணி நேரத்துக்குள் கூழ் நீர்த்து, கரண்டி தடையில்லாமல் சுழலும். நீர்க்கவில்லை என்றால் முளையில் உயிர் இல்லை. காத்திருக்காமல், சூடு 65ல் இருக்கும்போதே புதிதாக அரைத்த பச்சை முளையைச் சேருங்கள். பெரும்பாலும் கூழைக் காப்பாற்றிவிடலாம். பிறகு வெந்நீரில் அலசிய ஹாட் பாக்ஸில் ஊற்றி, கம்பளியால் சுற்றி மூன்று மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒருமுறை சூடு பாருங்கள். குறைந்திருந்தால் சிறு தீயில் கிளறியபடி மீட்டெடுங்கள்.

அயோடின் சோதனை

வெள்ளைத் தட்டில் தெளிந்த நீர் ஒரு கரண்டி எடுத்து, முழுக்க ஆறவிட்டு, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலம் என்றால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது. செம்பழுப்பு என்றால் பாதி வழி. அயோடினின் நிறமே மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. ஆறவிடுவது முக்கியம், ஏனெனில் சூட்டில் நீலம் தெரியாது. தவிடும் தோலும் தட்டில் விழக்கூடாது, அவை எப்போதும் கறுக்கும். சோதித்ததைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றாதீர்கள்.

முடிந்ததும் மல் துணியில் வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் சுண்டக் காய்ச்ச வேண்டியதுதான்.

பின்சேர்க்கை

கூழில் எலுமிச்சை பிழிந்தவர்களுக்கு அயோடின் நிறமே இல்லாமல் போகிறதாம். எலுமிச்சையின் வைட்டமின் சி அயோடினின் நிறத்தைப் போக்கிவிடும். அதை மாவுச்சத்து தீர்ந்ததற்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள். இந்தச் செய்முறைக்கு எலுமிச்சை தேவையும் இல்லை.

கேழ்வரகுக்குப் பதில் சோளத்தை முளைகட்டலாமா என்றும் கேட்கிறார்கள். சோளத்தின் தளிரிலும் வேரிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. வீட்டில் வேண்டாம்.

பாகு கல்லாக இறுகிவிட்டது என்று சொன்னவர்களுக்கு: சமவெளிக் குறிப்பில் 105 டிகிரி என்று இருந்தால் உதகையில் அதுவரை காய்ச்சக்கூடாது. உங்கள் வீட்டில் வெறும் தண்ணீர் கொதிக்கும்போது தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 93 என்றால் 100க்கு ஏழு குறைவு. அந்த ஏழைக் கழித்து, 98லேயே இறக்கிவிடுங்கள்.