தேயிலை சுவைக்க உட்காருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் குன்னூரில் எங்கள் சுவைக்கூடத்துக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ராமநாதபுரத்தில் தேயிலைக் கடை வைக்கப்போகிறார்களாம். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாகச் சுவைத்துவிட்டு, ஒரு தேயிலைக்கு அங்கேயே விலை பேச ஆரம்பித்தார்கள். 20 வருடங்களுக்கு முன்பு நான் செய்ததும் இதுதான். தடுத்து உட்காரவைத்துச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

வாயில் வெற்றிலையோடு வரக் கூடாது, செண்ட் பூசிக்கொண்டு வரக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊற்றிய தண்ணீரை மறந்துவிடுவது

தொழிலில் என் முதல் வருடம். ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையைப் பொடியாக்காமல் சுருட்டித் தயாரிப்பது) ஒன்று என்னை மயக்கிவிட்டது. தேயிலையைச் சுவைக்கத் தயாரிக்கும் முறைக்கான சர்வதேசத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 3103 சொல்கிறபடி 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். இலை இறங்கிய தண்ணீரை நாங்கள் சாயம் என்போம். சாயம் செம்பாக மின்னியது, பூ மணம், நாக்கின் ஓரத்தில் விறுவிறுப்பான துவர்ப்பு. 200 கிலோ வாங்கிச் சென்னையில் ஒரு சில்லறைக் கடைக்கு அனுப்பினேன். பத்தே நாளில் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, மூட்டையை மாற்றி அனுப்பிவிட்டீர்களா? வாங்கிப் போனவர்கள் எல்லாம் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்."

சண்டை போடும் எண்ணத்தோடுதான் ரயில் ஏறினேன். அவர் வாதாடவே இல்லை. கடையின் பின்கட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து இலையில் ஊற்றினார். சாயம் ஒளியில்லாமல் கரும்பழுப்பாக இறங்கியது. மேலே எண்ணெய் படர்ந்ததுபோல் ஓர் ஏடு. கோப்பையைச் சாய்த்ததும் அது சில்லுசில்லாக உடைந்து விளிம்பில் ஒட்டிக்கொண்டது. மணமே இல்லை. வழியில் குடிக்க எடுத்து வந்த குன்னூர்த் தண்ணீர் என் பையில் கொஞ்சம் மீதி இருந்தது. அதைக் காய்ச்சி, அதே மூட்டையிலிருந்து எடுத்த இலையில் ஊற்றினேன். செம்பு நிறம் திரும்பி வந்தது.

நாம் உப்புத் தண்ணீர் என்கிறோமே, அதில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். சாயத்துக்குத் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து, கால்சியத்தோடு சேர்ந்து ஏடாகப் படிகின்றன. காரத்தன்மை சாயத்தைக் கருக்கவைத்து விறுவிறுப்பைக் கொன்றுவிடுகிறது. மலை ஓடைத் தண்ணீருக்கு இந்தக் குணம் கிடையாது. போதாததற்கு, சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரி. பிரிட்டனில் தேயிலை வியாபாரிகள் ஊர்த் தண்ணீருக்கேற்பத் தனித்தனிக் கலவைகள் செய்தது இதற்காகத்தான்.

மூட்டைகளைத் திரும்ப எடுத்து, கலவைக்கென்று பாதி விலைக்குத் தள்ளினேன். பணம் போனதைவிட, அன்று என் பக்கத்தில் நின்று சுவைத்த மூத்தவர்கள் ஒருவர்கூட "எந்த ஊரில் விற்கப்போகிறாய்?" என்று கேட்காததுதான் இன்றும் ஆத்திரம் மூட்டுகிறது. விற்கப்போகும் ஊரிலிருந்து 5 லிட்டர் கேன் ஒன்றைப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள். மறுநாள் வந்துவிடும். இரண்டு தண்ணீரிலும் சுவைத்த பிறகு விலை பேசுங்கள்.

எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல்

அஸ்ஸாமின் கனத்தை டார்ஜிலிங்கின் முதல் பறிப்பில் (வசந்தகாலத் தளிர்) தேடிவிட்டு, "வெறும் தண்ணீர்" என்று ஒதுக்குகிறார்கள். அஸ்ஸாமில் வளர்வது அகன்ற இலை அஸ்ஸாம் வகை. டார்ஜிலிங்கில் பெரும்பாலும் சிறிய இலைச் சீன வகை. செடியே வேறு. காலமும் வேறு. இலங்கையில் ஊவாவின் மணம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காற்றில் கூடுகிறது. திம்புள்ளத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. நம் நீலகிரிக்கு உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி. பறித்த மாதத்தைக் கேட்காமல் ஊரைக் குறை சொல்லாதீர்கள்.

காய்ந்த இலையின் அழகில் மயங்குவது

ஊறிய இலையைக் கவிழ்த்து முகர்ந்து பாருங்கள்.

ஓசையில்லாமல் பருகுவது

உறிஞ்சுங்கள். பக்கத்து அறைக்குக் கேட்கட்டும்.

ஆறிய சாயத்தைக் கொட்டிவிடுவது

ஆற ஆறச் சாயம் பால் கலந்ததுபோல் கலங்கினால், கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார்கள். காஃபீனும், தேயிலைக்கு நிறமும் விறுவிறுப்பும் தரும் தியாஃபிளேவின்களும் பிணைவதால் வரும் கலங்கல் அது; அழுத்தமான தேயிலைக்கு அடையாளம். அந்த இளைஞர்கள் தள்ளிவைத்த கோப்பைகளில் இரண்டு அப்படிக் கலங்கியவைதான். சந்தேகமாக இருந்தால் மீண்டும் சூடாக்கிப் பாருங்கள். இலையால் வந்த கலங்கல் தெளிந்துவிடும். தண்ணீரால் வந்த ஏடு அப்படியே மிதக்கும்.