ஆள் காணவில்லை: முதல் நாளிலிருந்து ஏழாம் ஆண்டு வரை செய்யக்கூடாதவை

வீட்டில் ஓர் ஆள் திரும்பி வரவில்லை என்றால் சேலத்துப் பக்கம் முதலில் எழும் பேச்சு, "கோவத்துல போயிருப்பான், ரெண்டு நாள்ல வந்துருவான்." போனது பெண் என்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், அதைச் சொல்லத் தேவையில்லை. வழக்கைக் கெடுக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்பே ஒரு கதையை முடிவு செய்துவிடுகிறோம். குடும்பமும் செய்கிறது, ஸ்டேஷனும் செய்கிறது. அப்புறம் அந்தக் கதைக்குப் பொருந்தாத எதையும் யாரும் தேடுவதில்லை.

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் தர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உடனே போகலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் கடத்தல் என்றே கருதி எஃப்ஐஆர் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. பெரியவர்களுக்கும் 'மேன் மிஸ்ஸிங்', 'உமன் மிஸ்ஸிங்' என்று நம் ஊர் ஸ்டேஷன்களில் எஃப்ஐஆர் போடுகிறார்கள். ஆனால் பல குடும்பங்கள் சிஎஸ்ஆர் ரசீது கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகின்றன. அது மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்ஐஆர் நகல் கேட்டு வாங்குங்கள், காசு கிடையாது.

புகாரில் மறைப்பது அடுத்த தவறு. கந்துவட்டிக் கடன், குடி, காதல், மனநல மாத்திரை என்று மானத்துக்குப் பயந்து விடுபடுபவைதான் பெரும்பாலும் தேட வேண்டிய திசையைக் காட்டுபவை. கல்யாண ஆல்பத்துப் போட்டோவைக் கொடுப்பதும் இதே வகை. பத்து வருடத்துக்கு முந்தைய முகத்தை வைத்து யாரை அடையாளம் காண்பது? "நீலச் சட்டை, மாநிறம்" என்று எழுதினால் பாதி ஊர் பொருந்தும். அறுவைத் தழும்பு, பச்சை குத்தியது, விழுந்த பல், செருப்பின் அளவு, சட்டைக் காலரில் தைத்திருக்கும் டெய்லர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் போலீஸ் அந்தக் காலரையும் பார்க்கும்.

அவர் அறையைக் கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். சீப்பும் டூத் பிரஷ்ஷும் டிஎன்ஏவுக்கு உதவும். போன் பெட்டியில் ஐஎம்இஐ எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) இருக்கும், எடுத்து வையுங்கள். கடைத்தெரு சிசிடிவி பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு விசாரணை அதிகாரி வேண்டுமே.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னை, ஈரோடு, கரூர், விருத்தாசலம், பெங்களூரு என்று எல்லாத் திக்கும் ரயில் போகிறது. தண்டவாளத்தில் கிடைக்கும் உடல் ரயில்வே போலீஸ் கணக்கு. அது வேறு ஸ்டேஷன், வேறு கோப்பு. பூலாம்பட்டியில் காவிரியில் விழுந்தவர் எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டையில் ஒதுங்கினால் அது ஈரோடு மாவட்டம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை மட்டுமல்ல, குப்பனூர் வழியும் உண்டு. ஒரு பாதையின் கேமராவை மட்டும் பார்த்துவிட்டு "மலைக்கு வரவே இல்லை" என்று முடிக்க முடியாது. அடையாளம் தெரியாத உடலைப் பிணவறையில் சில நாள்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் அடக்கம். உங்கள் ஸ்டேஷனில் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தால், ஒரு கோப்பில் 'காணவில்லை', இன்னொரு கோப்பில் 'அடையாளம் தெரியவில்லை' என்று இரண்டும் வருடக்கணக்கில் தனித்தனியாகக் கிடக்கும். துலங்காத வழக்குகளில் எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இதில்தான்.

'காணவில்லை' என்று ஒட்டும் நோட்டீஸில் சொந்த நம்பர் மட்டும் போட்டால் "உங்க பையன் எங்ககிட்ட இருக்கான், ஜிபே பண்ணுங்க" என்று அழைப்பு வரும். ஸ்டேஷன் நம்பரையும் சேர்த்துப் போடுங்கள், பணம் அனுப்பாதீர்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் "தெக்கால இருக்கார்" என்றதும் மற்ற திசைகளில் தேடுவதை நிறுத்துவது தவறு.

வருடங்கள் போனபின் உறவினர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இனி வரமாட்டார், காரியத்தை முடிச்சிடுங்க" என்று நெருக்குவது. வியட்நாம் போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஆராய்ந்த உளவியலாளர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நிற்கும் என்கிறார். இங்கே அது மனைவி பொட்டு வைப்பதா, தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, திதி கொடுப்பதா என்று தினசரிக் கேள்வியாகிறது. பதிலை அந்த வீட்டாரே முடிவு செய்யட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் ரேஷன் கார்டு, பேங்க், பட்டா வேலைகளுக்கு அவர்களோடு சேர்ந்து அலைந்தால் போதும்.

சட்டத்திலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: 7 ஆண்டு முடிந்தால் இறப்புச் சான்றிதழ் தானாக வரும் என்பது. வராது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் யாருமே 7 ஆண்டாகக் கேள்விப்படவில்லை என்று காட்ட வேண்டும். இந்த விதி முன்பு சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 111-ஆம் பிரிவு. அங்கே எஃப்ஐஆர் நகலும், கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தந்த நோட்டீஸும், பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள். கோபத்தில் அந்த நோட்டீஸைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. எல்ஐசி பிரீமியத்தை இடையில் நிறுத்துவதும் ஆபத்து. 7 ஆண்டு கழித்து இறந்ததாக அனுமானிக்கலாமே தவிர, காணாமல் போன அன்றே இறந்தார் என்று அனுமானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் எல்ஐசி - அனுராதா வழக்கில் சொல்லிவிட்டது. அந்த 7 ஆண்டு முடிவதற்குள்ளேயே, பிரீமியம் கட்டாததால் அந்த வழக்கின் பாலிசி காலாவதியாகியிருந்தது.