மருத்துவமனையின் பணிப் பண்பாட்டை அளவிடுவது எப்படி?

ஒரு மருத்துவமனையின் பண்பாட்டை அளவிட விரும்புபவர், வினாத்தாளைத் தேடுவதற்கு முன்பே, எந்த முடிவை எடுப்பதற்காக அளவிடுகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். "எங்கள் பண்பாடு எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். "மருந்தளவு தவறாக எழுதப்பட்டிருப்பதைக் காணும் இளம் செவிலியர், அதை மூத்த மருத்துவரிடம் தயங்காமல் சொல்கிறாரா?" என்று கேட்டால், கிடைக்கும் விடையை வைத்து ஏதேனும் செய்ய முடியும். இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை பற்றி வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு அளித்த விசாரணை அறிக்கையைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். நிதி நிலையிலும் இலக்குகளிலும் நிர்வாகம் மூழ்கியிருந்தபோது நோயாளிகள் புறக்கணிக்கப்பட்டார்கள். எச்சரித்த பணியாளர்களின் குரல் எடுபடவில்லை.

நோக்கம் தெளிவானால் கருவியைத் தேர்வது எளிது. நோயாளிப் பாதுகாப்பே நோக்கமானால், அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு மற்றும் தர முகமை 2004இல் வெளியிட்டு, 2019இல் திருத்திய மருத்துவமனை வினாத்தாள் பொருத்தமானது. குழுவாகச் செயல்படுதல், பணியாளர் எண்ணிக்கை, தவறுகளுக்கான எதிர்வினை, பணிமாற்றத்தின்போது தகவல் ஒப்படைத்தல் போன்ற தலைப்புகளில் அது கேள்வி கேட்கிறது. வங்கி, தொழிற்சாலை, கல்லூரி போன்ற இடங்களில் நிறுவனத்தின் பொதுவான போக்கை அறிய, மேலாண்மை ஆய்வாளர்கள் கேமரன், குவின் ஆகிய இருவரும் உருவாக்கிய முறை உதவும். அதில் ஒவ்வொரு தலைப்பிலும் உள்ள நான்கு கூற்றுகளுக்கு 100 புள்ளிகளைப் பணியாளர் பகிர்ந்தளிக்கிறார். எந்தக் கருவியானாலும் கேள்விகளை விருப்பம்போல் வெட்டி ஒட்டக் கூடாது. அப்படிச் செய்தால் பிற நிறுவனங்களோடு ஒப்பிடும் வாய்ப்பு போய்விடும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பல ஆய்வுகள் கோட்டை விடுகின்றன. மருத்துவர்களையும் செவிலியர்களையும் மட்டும் கேட்டுவிட்டு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், ஆய்வகநுட்பநர், மருந்தாளுநர் ஆகியோரை விட்டுவிடுவது பெருங்குறை. கைகழுவும் திரவம் தீர்ந்துபோனதை முதலில் காண்பவர் பெரும்பாலும் தூய்மைப் பணியாளர்தான். பெயர் கேட்காததாலேயே அடையாளம் மறைந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாலினம், வயது, வார்டு, பணியாற்றிய ஆண்டுகள் ஆகிய நான்கையும் கேட்டால், ஒரே ஓர் ஆண் செவிலியர் உள்ள வார்டில் அவருடைய தாள் எது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆகவே வார்டு, பணி வகை ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பத்துப் பேருக்கும் குறைவாக விடையளித்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாமல் இருக்கலாம். தாள்களைத் தலைமைச் செவிலியர் வழியாக வழங்குவதும் திரும்பப் பெறுவதும் கூடாது.

முடிவுகளைக் கணக்கிடும்போது சராசரியைவிட, ஆதரவான விடைகளின், அதாவது நல்ல பண்பாட்டைக் காட்டும் விடைகளின், சதவீதமே தெளிவாகப் பேசும். எதிர்மறையான கூற்றுகளைத் திருப்பிக் கணக்கிட மறக்கக் கூடாது. "தவறு செய்தால் அதை எங்களுக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள்" என்ற கூற்றுக்கு விடையளித்த 40 பேரில் 12 பேர் மறுத்திருந்தால், அங்கே ஆதரவான விடை 30 சதவீதம். மற்ற 28 பேர் ஒன்று ஆமோதித்திருக்கிறார்கள் அல்லது நடுநிலையில் ஒதுங்கியிருக்கிறார்கள். இதை வார்டு வார்டாகப் பார்க்க வேண்டும். மருத்துவமனை முழுவதற்குமான ஒற்றை எண்ணில், நன்றாக இயங்கும் குழந்தைகள் வார்டு, அச்சத்தில் இயங்கும் அறுவை அரங்கை மறைத்துவிடும். பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விடையளிக்கவில்லையெனில் அந்த மௌனத்தையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்களைத் தலைகீழாகப் படித்துவிடும் ஆபத்தும் உண்டு. மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல தலைமையும் இணக்கமும் கொண்ட குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்தது. அங்கே பணியாளர்கள் தவறுகளை மறைக்காமல் பேசியதே அதற்கான விளக்கம் என்று அவர் கருதினார். ஆகவே தவறு அறிக்கைகளே வராத வார்டைப் பாராட்டுவதற்கு முன் அங்கே சற்று நேரம் நின்று பார்ப்பது நல்லது.

நேரில் பார்ப்பதை எந்த வினாத்தாளாலும் ஈடுசெய்ய இயலாது என்பது என் உறுதியான கருத்து. பண்பாடு கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள், வெளியே சொல்லப்படும் விழுமியங்கள், சொல்லாமலே நம்பப்படும் அடிப்படை அனுமானங்கள் என மூன்று அடுக்குகளாக அமைந்திருப்பதாக நிறுவனப் பண்பாட்டு அறிஞர் எட்கர் ஷைன் விளக்கினார்; வினாத்தாள் பெரும்பாலும் இரண்டாம் அடுக்கோடு நின்றுவிடுகிறது. எனவே, காலைச் சுற்றின்போது மருத்துவர்கள் நோயாளியின் இரவு நிலையைப் பற்றிச் செவிலியரிடம் கேட்கிறார்களா, பணிமாற்றத்தில் அடுத்த குழுவினர் திருப்பிக் கேள்வி கேட்கிறார்களா, தவறு அறிக்கைப் படிவம் எல்லோரும் எடுக்கும் இடத்தில் இருக்கிறதா, மேற்பார்வையாளரின் பூட்டிய மேசைக்குள் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நடத்தும் குழு உரையாடலில், துறைத்தலைவரையும் பயிற்சி மருத்துவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கக் கூடாது.

விடைகள் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு வார்டுக்கும் அதனதன் முடிவைக் கொண்டுசேர்த்து, எதை முதலில் மாற்றுவது என்று அங்குள்ளவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். அந்த மாற்றம் வேரூன்ற ஒன்றரை ஆண்டாவது கொடுத்து, அதே கேள்விகளை அதே பிரிவுகளில் மீண்டும் கேட்க வேண்டும்.