எழுதிக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை: ஓபியாய்டு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஓபியாய்டு (ஹெராயின், ஃபெண்டனில் போன்ற அபின் வகைப் போதைப்பொருள்கள்) அடிமைத்தனத்துக்கு மருந்து எழுதித் தருவது முன்பைவிட இப்போது எளிது. அந்த ஏக்கத்தை அடக்கும் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தை எழுத டாக்டர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்த விதியை 2022 டிசம்பர் இறுதியில் எடுத்துவிட்டார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கப் போகும் அதே சமூக சுகாதார மையத்திலேயே இதற்கும் மருந்து கிடைக்கும். ஆனாலும் நிறைய பேர் பாதியில் காணாமல் போகிறார்கள். மருந்து நல்ல மருந்துதான். டாக்டருக்கும் பார்மசிக்கும் நடுவில், ஜெயிலுக்கும் கிளினிக்குக்கும் நடுவில், "அவங்க பாத்துப்பாங்க" என்று ஆளாளுக்கு விட்டுவிடுகிற இடத்தில்தான் ஆள் நழுவிப் போகிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்துச் சீட்டை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் முதல் தவறு. பியூப்ரெனார்ஃபினை ஸ்டாக் வைக்காத பார்மசிகள் நிறைய. அது இருந்தாலும், நோயாளியின் மெடிக்கெய்ட் திட்டம் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) நாக்கின் அடியில் வைக்கும் மெல்லிய ஃபிலிமுக்குத்தான் காசு தரும், டாக்டர் எழுதியதோ மாத்திரை என்றிருக்கும், கவுண்டரில் இருப்பவர் "முன் அனுமதி வேண்டும், திங்கட்கிழமை வாங்க" என்பார். கை நடுங்கி, மூக்கு ஒழுகி, வயிற்றைப் பிரட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரால் திங்கட்கிழமைவரை தாங்க முடியுமா? பக்கத்துத் தெருவில் ஃபெண்டனில் உடனே கிடைக்கும். ஒருங்கிணைக்கிற நர்ஸ் நீங்கள் என்றால், நோயாளி கிளினிக்கில் இருக்கும்போதே பார்மசிக்கு போன் போட்டு, ஸ்டாக் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் ஏற்கிறதா, இரண்டையும் கேட்டுவிடுங்கள். எந்தக் கடைகளில் எப்போதும் கிடைக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள்.

அடுத்தது, முதல் டோஸைப் பற்றிச் சரியாகச் சொல்லாமல் அனுப்புவது. உடம்பில் ஓபியாய்டு இன்னும் நிறைய இருக்கும்போது பியூப்ரெனார்ஃபினைப் போட்டால், அது மற்றதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வித்டிராயல் (போதைப்பொருள் குறையும்போது உடம்பு படும் பாடு) திடீரென்று மொத்தமாக வந்து அடிக்கும். ஒருமுறை அதை அனுபவித்தவர் மறுபடி அந்த மருந்தைத் தொடப் பயப்படுவார். ஹெராயின் போன்றவற்றுக்கு 12 முதல் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். ஃபெண்டனிலை நாள்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு அது கொழுப்பில் தங்கிவிடுவதால் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. அதனால் மணியைச் சொல்வதோடு நிறுத்தாமல், வியர்வை, கொட்டாவி, புல்லரிப்பு, கண்மணி விரிவது என்று அறிகுறிகளையும் சொல்லுங்கள். ஃபிலிமை விழுங்கக் கூடாது, கரைகிறவரை அப்படியே இருக்கட்டும், கரைந்தபின் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கட்டும். பல் கெடுகிறது என்று 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

மருந்தைத் தண்டனையாக்குவதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது. சிறுநீர்ப் பரிசோதனையில் கோகெய்ன் தெரிந்தது, மருந்தை நிறுத்து. கவுன்சலிங்குக்கு இரண்டு தடவை வரவில்லை, மருந்தை நிறுத்து. சர்க்கரை கூடிப்போய் வந்த நோயாளிக்கு இன்சுலினை நிறுத்துவோமா? கவுன்சலிங் நல்லதுதான், கேட்கிறவருக்குக் கட்டாயம் ஏற்பாடு செய்ய வேண்டும், ஆனால் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. பரிசோதனை முடிவை வைத்து டோஸ் போதுமா, அடிக்கடி வரச் சொல்ல வேண்டுமா என்று யோசிக்கலாம். மருந்து நின்ற அடுத்த சில வாரங்களில்தான் அந்த ஆள் சாகிற அபாயம் எகிறுகிறது.

இதே அடிமைத்தனத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெத்தடோன் விஷயத்தில் நடக்கும் தவறு வெளியே தெரியாது. அடிமைத்தன சிகிச்சைக்கான மெத்தடோனை அதற்கென்று உரிமம் பெற்ற தனி மையங்கள்தான் கொடுக்க முடியும். அங்கே கொடுப்பது வழக்கமாக பார்மசிப் பதிவுகளில் வராது, ஆகவே உங்கள் கணினியில் இருக்கும் மருந்துப் பட்டியலிலும் இருக்காது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். அது ரத்தத்தில் மெத்தடோன் அளவைக் குறைத்துவிடும். சில நாளில் வித்டிராயல் தொடங்கும், மெத்தடோன் மையத்துக்குக் காரணம் புரியாது, உங்களுக்கோ அவர் மெத்தடோனில் இருப்பதே தெரியாது. வாயால் கேளுங்கள், பதிவில் ஏற்றுங்கள். அந்த மையத்தோடு பேச நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், போதை சிகிச்சை விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் அமெரிக்க அரசு விதியான 42 சி.எஃப்.ஆர். பகுதி 2 அப்படி. அதை முதல் வருகையிலேயே, எதற்கு என்று புரியவைத்து, வாங்கி வையுங்கள். சிக்கல் வந்தபிறகு கையெழுத்துக்கு ஆளைத் தேடி அலைய முடியாது.

ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு "வந்ததும் வந்து பாருங்க" என்று சொல்வது ஏற்பாடே கிடையாது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வந்த ஆய்வில், முதல் 2 வாரங்களில் ஓவர்டோஸால் சாகும் ஆபத்து அந்த மாநிலத்து மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது, பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். விடுதலைத் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், மெடிக்கெய்டை மறுபடி உயிர்ப்பிக்க விண்ணப்பம் போடுங்கள், கையில் சில நாள் மருந்தோடு ஆள் வெளியே வரவேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறார் என்று மருந்தை நிறுத்திவிடுவதும் தவறு. அப்போது தொடர்வதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு, பிரசவ டாக்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கும் மருந்தான நலாக்சோன். மூக்கில் அடிக்கும் 4 மில்லிகிராம் ஸ்பிரேயைச் சீட்டில்லாமல் விற்க 2023 மார்ச்சில் அனுமதி வந்துவிட்டது, பெட்டியை நோயாளி கையில் மட்டும் கொடுத்து அனுப்பினால் என்ன பயன்? மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே அடித்துக்கொள்ள முடியாது. அம்மாவோ அறையில் கூட இருப்பவரோ, யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்குச் செய்து காட்டுங்கள்: அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடு, ஒரு மூக்கில் அடி, மூச்சுவிட உதவு, 2, 3 நிமிடத்தில் எழவில்லை என்றால் அடுத்த மூக்கில் இன்னொன்று. கண் திறந்ததும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் நலாக்சோனின் வேகம் அடங்கியதும் மூச்சு மறுபடி நிற்கலாம்.